கடவுளை நம்பி ஒவ்வொரு நாளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் சபை. புதன்கிழமை சாயங்காலம் வேதபாடம் நடக்கும். பத்துப் பதினைந்து பேர் வருவோம்; மழை என்றால் ஐந்து பேர். சில வருடங்களாக அதை நடத்தும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. நான் ஐயர் (சபைப் போதகர்) இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது. பதில்களில் பாதி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னவை.

"கர்த்தரை நம்பு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிறவரை அதை எப்படிச் செய்வது?

எங்கள் ஊரில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன்பே தலையில் லைட்டை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துபோகும். அந்த லைட்டின் வெளிச்சம் அடுத்த மரம் வரைக்கும்தான் எட்டும். தோட்டம் முழுக்கத் தெரிந்த பிறகு தொடங்கலாம் என்று எவரும் நிற்பதில்லை. ஒரு மரம், அப்புறம் அடுத்த மரம்.

"உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபமும், என் பாதைக்கு வெளிச்சமுமாயிருக்கிறது" (சங்கீதம் 119:105) என்று பாடியவர் கையில் இருந்ததும் சின்ன எண்ணெய் விளக்குதான். அது காலடியைக் காட்டும், ஊர் எல்லையைக் காட்டாது. நாளைக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாது. இன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது முக்கால்வாசி தெரியும்: வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும், நேற்றுச் சண்டை போட்டவரிடம் போய்ப் பேச வேண்டும். தெரிந்ததைச் செய்துவிட்டுத் தெரியாததை அவர் கையில் விடுவதற்குத்தான் நம்பிக்கை என்று பெயர். நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம். தெரிந்ததைத் தள்ளிப்போட்டுவிட்டு, தெரியாததைப் பற்றி உபவாசம் இருக்கிறோம்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்ற உணவு கிடைத்த கதையும் இதுதான் (யாத்திராகமம் 16). ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, அன்றன்றைக்கு. பயந்துபோய் மறுநாளுக்கு எடுத்து வைத்தது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு பங்கு, அது கெடவில்லை. எடுத்து வைப்பதே தப்பு என்றால் அதுவும் புழுத்திருக்க வேண்டுமே. இதைப் பற்றிக் கீழே சேமிப்பு பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

வேதம் வாசிக்க நேரமே இல்லை. என்ன செய்ய?

காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணிநேரம் முழங்காலில் நிற்க முடிகிறவர்கள் நிற்கட்டும். ஐந்தரைக்குப் பிள்ளைகளுக்குச் சோறு கட்டி, ஏழு மணிக்கு நாகர்கோவில் பஸ்ஸைப் பிடிக்கிற பெண்ணிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நீதிமொழிகளில் 31 அதிகாரம் இருக்கிறது. தேதிக்கு ஒன்று என்று பஸ்ஸிலேயே படித்துவிடலாம். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான், பதினாறு நாளில் முடியும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் படித்து ஈடுகட்ட வேண்டாம். அன்றைய பங்கை எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

ஆனால் சாயங்கால ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். டிவி சீரியலுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் பத்து நிமிடம்.

புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்தம் நிறைவேறவில்லையே?

இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் ஜூலை வாக்கில் வரும். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் தட்டிலிருந்து ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த வசன அட்டை எடுப்போம். வீட்டுக்கு வந்து அலமாரிக் கண்ணாடியில் செருகி வைப்போம். நானும் செய்கிறேன், அதில் தப்பில்லை. ஆனால் லாட்டரிச் சீட்டைப் பார்ப்பதுபோல் அந்த அட்டையைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. "எனக்கு நல்ல வசனம் வரவில்லை" என்று ஒரு பெண் இன்னொன்று எடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதிகமாகப் பார்க்கிற வசனம் எரேமியா 29:11. நமக்குத் தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகளே தேவனுக்கு இருக்கின்றன என்று சொல்லும் வசனம். எழுபது ரப்பர் மரத்தோடு ஒரு வீடும் இந்த வருடமே கிடைக்கும் என்று அதை வாசிக்கிறோம். அந்த அதிகாரத்தை மேலிருந்து வாசித்துப் பாருங்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். சீக்கிரமே ஊர் திரும்பலாம் என்று அவர்களிடம் பொய்த் தீர்க்கதரிசிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எரேமியா என்ன எழுதினார்? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்றார். எழுபது வருடம் ஆகும் என்பதையும் மறைக்காமல் எழுதினார். கடிதத்தைப் பிரித்து வாசித்த பெரியவர்களில் பலர் எருசலேமை மறுபடி பார்த்திருக்க மாட்டார்கள். அப்படியும் அது அவர்களுக்கு வாக்குத்தத்தம்தான்.

அட்டையில் வசனம் ஒற்றை வரியாக இருக்கும். வேதத்தில் அதற்கு முன்னும் பின்னும் வரிகள் இருக்கின்றன. ஜனவரி முதல் வாரத்தில் உங்கள் வசனம் இருக்கிற அதிகாரம் முழுவதையும் ஒரு தடவை வாசித்துவிடுங்கள். ஜூலையில் என்னிடம் வர வேண்டியிருக்காது.

தேவ சித்தம் எது என்று எப்படித் தெரியும்? பைபிளைத் திறந்து விரல் வைத்துப் பார்க்கலாமா?

விரல் வைக்காதீர்கள். அது கிளி ஜோசியத்தின் கிறிஸ்தவப் பதிப்பு.

கிதியோன் ஆட்டுத்தோலை விரித்து, பனி அதில் மட்டும் பெய்யட்டும் என்று அடையாளம் கேட்டாரே என்று உடனே யாராவது சொல்வார்கள். நியாயாதிபதிகள் 6-ஐ முழுவதும் வாசியுங்கள். போருக்குப் போகச் சொல்லி அவருக்குக் கட்டளை ஏற்கெனவே வந்துவிட்டது. தோல் விரித்தது பயத்தினால். அவருடைய பயத்தையும் தேவன் பொறுத்துக்கொண்டார் என்பது அந்தக் கதையின் அழகு. நாமும் தோலை விரிக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

எங்கள் குடும்பத்தில் நடந்தது ஒன்று. என் தங்கை மகனுக்குக் கல்ஃபில் வேலை என்று ஒரு ஏஜென்ட் சொன்னார். கேட்ட பணம் பெரியது, ஒப்பந்தக் காகிதம் எதையும் காட்டவில்லை. வீட்டில் ஜெபம் வைத்தோம். ஜெபத்தில் ஒருவருக்குக் கப்பல் தரிசனமானது. இப்போது விமானத்தில்தானே போகிறார்கள் என்று அப்போது எவருக்கும் தோன்றவில்லை. நகையை அடகு வைத்துப் பணம் கட்டினோம். பையன் போய் இறங்கியபோது சொன்ன வேலையும் இல்லை, சொன்ன சம்பளமும் இல்லை. எட்டு மாதத்தில் திரும்பி வந்தான்.

கர்த்தர் கைவிட்டுவிட்டார் என்று தங்கை அழுதாள். எனக்கு வேறொன்று உறுத்தியது. அந்த ஏஜென்டிடம் காகிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க எங்களுக்குத் தரிசனம் தேவைப்பட்டிருக்காது. "பேதையானவன் எந்த வார்த்தையையும் நம்புவான், விவேகியோ தன் நடையின்மேல் கவனமாயிருக்கிறான்" என்று நீதிமொழிகள் 14:15-ல் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" என்றும் அதே புத்தகம்தான் சொல்கிறது (3:5). சாயாதே என்றால் கழற்றி வைத்துவிடு என்று அர்த்தமில்லையே. கைத்தடியில் உடம்பின் முழுப் பாரத்தையும் போடாமல் நடக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை, கல்யாணம், வெளிநாடு என்று எது வந்தாலும் நான் கேட்கும் கேள்விகள் இவை: வேதம் தெளிவாகத் தடுக்கிற காரியம் இதில் இருக்கிறதா? விவரம் தெரிந்த, நம்மால் லாபம் அடையாத ஒருவர் என்ன சொல்கிறார்? இன்றைக்கு என் மேல் இருக்கிற கடமை எதையாவது இதற்காக உதறுகிறேனா? இவற்றைத் தாண்டி வந்தால் இரண்டு வழியும் சரியாக இருக்கலாம். ஒன்றைத் தேர்ந்துகொண்டு, யாக்கோபு 4:15-ல் சொல்கிறபடி "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று சேர்த்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ஆபிரகாமும் போகும் இடம் தெரியாமல்தான் புறப்பட்டார்.

கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றால் சேமிப்பும் இன்சூரன்சும் எதற்கு? அது அவிசுவாசம் ஆகாதா?

மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி வைத்திருப்பவர்களைப் பாருங்கள். ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது தேன் கொட்டும். மழைக்காலத்தில் ஈக்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அப்போது பெட்டிக்குள் சர்க்கரைப்பாகு வைப்பார்கள். பாகு வைக்கிறவர் தேனீக்களை நம்பாதவரா?

கடற்கரைக்குப் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எந்தத் தேதியில் வருமானம் நிற்கும் என்று முன்பே தெரிகிற தொழில். தெரிந்திருந்தும் மார்ச்சில் கிடைத்ததை மார்ச்சிலேயே செலவு செய்துவிட்டு, தடைக்காலத்தில் "விசுவாசத்தோடு" இருப்பது எப்படி? ஏழு வருடப் பஞ்சம் வரும் என்று தெரிந்ததும் யோசேப்பு உபவாசக் கூட்டம் வைக்கவில்லை. விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்தில் சேர்க்கச் சொன்னார் (ஆதியாகமம் 41).

அப்படியானால் மன்னா ஏன் புழுத்தது? நாளைக்குத் தருவேன் என்று சொன்னவரை நம்பாமல் எடுத்து வைத்ததால். அவர் வைக்கச் சொன்னபோது வைத்தது கெடவில்லை. லூக்கா 12-ல் வரும் ஐசுவரியவானும் பெரிய களஞ்சியம் கட்டிச் சேர்க்க நினைத்தான், யோசேப்பும் களஞ்சியத்தில் சேர்த்தார். ஒருவர் ஊருக்காகச் சேர்த்தார். இன்னொருவனின் பேச்சில் வேறு ஆளே கிடையாது: என் தானியம், என் பொருள், என் ஆத்துமா. இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டிக்கொண்டே "அன்றன்றுள்ள ஆகாரத்தை" கேட்டு ஜெபிக்கலாம். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல எனக்குச் சங்கடமில்லை.

கடன், ஜாமீன் பற்றி வேதம் என்ன சொல்கிறது?

"கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" (நீதிமொழிகள் 22:7). வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை; வாங்கினால் என்ன ஆவாய் என்று சொல்கிறது. படிப்புக்கோ வைத்தியத்துக்கோ வாங்கும் கடன் வேறு, வீடு பால்காய்ப்புக்கு ஊர் அசரப் பந்தல் போட வாங்கும் கடன் வேறு.

ஜாமீனைப் பற்றி அதே அதிகாரம் கேலியாகவே சொல்கிறது: கொடுக்க உன்னிடம் ஒன்றுமில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொண்டு போவார்களே என்று. இதைப் படித்து நான் சிரித்த காலம் உண்டு. அப்புறம் ஒரு உறவினருக்குக் கையெழுத்துப் போட்டேன். வேதபாடம் நடத்துகிறவன் முடியாது என்று சொல்லலாமா என்ற கௌரவம்தான் காரணம். மூன்று வருடம் என் சம்பளத்திலிருந்து கட்டினேன். என் கட்டிலைத் தூக்கவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். இப்போது யாராவது கேட்டால், கொடுக்க முடிந்த தொகையைச் சும்மா கொடுத்துவிடுகிறேன். திரும்பி வந்தால் சந்தோஷம்.

மகள் கல்யாணத்துக்கு வரதட்சணை கேட்கிறார்கள். கர்த்தர் தருவார் என்று நம்பிச் சரி சொல்லலாமா?

அவர் எதற்குத் தர வேண்டும்? நம் மாவட்டத்தில் படிப்புக்கும் குறைவில்லை, கோயிலுக்கும் குறைவில்லை, கல்யாணப் பேச்சில் முதல் கேள்வி "எத்தனை பவன்?" 1961-லேயே சட்டம் தடுத்துவிட்டது. வேதத்தில் ராகேலுக்காக யாக்கோபுதான் ஏழு வருடம் ஆடு மேய்த்தான், அது பிறகு பதினாலு ஆயிற்று. பரிசம் கொடுத்தது மாப்பிள்ளை வீடு. மாப்பிள்ளைக்கு வேலை வாங்கித் தரச் சொல்லி ஜெபக்குறிப்பு கொடுத்தவர்களே வேலை கிடைத்ததும் அதற்கு விலை போடுகிறார்கள். பெண் வீட்டாரைவிடப் பையனைப் பெற்றவர்களைத்தான் நான் கேட்பேன்: உங்கள் மகனைக் கர்த்தர் நடத்துவார் என்ற நம்பிக்கை உங்களுக்கு இல்லையா?

நோய் வந்தால் ஜெபமா, மருந்தா?

இரண்டும். நெய்யூரில் 1838-லேயே மருத்துவ ஊழியம் தொடங்கிவிட்ட மாவட்டத்தில் இந்தக் கேள்வி இன்னும் வருவது எனக்கு ஆச்சரியம். சாமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1922-ல் எவரெஸ்ட் பயணக் குழுவில் வந்தவர். மலையிலிருந்து இறங்கி நாட்டைச் சுற்றிப் பார்க்கும்போது நெய்யூருக்கு வந்தார். நோயாளிகள் கூட்டத்தையும் மருத்துவர் பற்றாக்குறையையும் பார்த்துவிட்டு லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே ஊழியத்துக்கு வந்துவிட்டார். 1924-ல் மறுபடி எவரெஸ்டில் 28,000 அடி வரை ஏறினார், திரும்பி வந்து நெய்யூரில் கத்தியைப் பிடித்தார். அவரும் ஜெபிக்கிறவர்தான்.

எசேக்கியா ராஜா கண்ணீர் விட்டு ஜெபித்தார், பதினைந்து வருடம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. கூடவே ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (ஏசாயா 38:21). கத்தோலிக்கர்கள் வாசிக்கும் சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்லியே தொடங்குகிறது. சுகரையும் பிரஷரையும் கூட்டத்தில் ஒப்புக்கொடுத்துவிட்டேன் என்று மாத்திரையை நிறுத்தியவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. சுகமாகிவிட்டது என்று தோன்றினால் டாக்டரிடம் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உண்மையான சுகம் ரத்தப் பரிசோதனைக்குப் பயப்படாது.

மனசு கனத்துக் கிடக்கிறது, ஜெபிக்கவே முடியவில்லை. விசுவாசக் குறைவா?

தீர்க்கதரிசி எலியாவைப் பாருங்கள் (1 இராஜாக்கள் 19). கர்மேலில் அக்கினி இறங்கியதைப் பார்த்த மனிதர், கொஞ்ச நாளில் சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு சாக வேண்டும் என்கிறார். தேவதூதன் வந்து அவரைத் திட்டவில்லை, வசனமும் சொல்லவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பேச்செல்லாம் அதற்கப்புறம்தான். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் முதலில் கஞ்சி வைத்துக் கொடுங்கள்.

நல்லவர்களுக்கு ஏன் இப்படி நடக்கிறது? சுனாமி, ஒக்கி... அவர்களும் ஜெபித்தவர்கள்தானே?

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் குடிலும் நட்சத்திரமும் கழற்றாத வீடுகளுக்குள் கடல் வந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறையிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்காத வீடுகள் உண்டு.

எனக்கு இதற்குப் பதில் தெரியாது. தப்பான பதில்கள் எவை என்று மட்டும் வேதத்தைப் பார்த்துச் சொல்ல முடியும். பாவத்துக்குத் தண்டனை என்று ஒரு பதில் சொல்வார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு இயேசுவே அந்தப் பதிலை மூடிவிட்டார் (லூக்கா 13:4). விசுவாசம் போதவில்லை என்று இன்னொரு பதில். முள் என்று தான் சொன்ன தன் வேதனையை எடுக்கச் சொல்லிப் பவுல் மூன்று தரம் கேட்டார், எடுக்கப்படவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்றுதான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் போதாதா?

நம் மண்ணில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். கால்நடைகளும் பொருளும் இழந்து மனம் சோர்ந்திருந்த காலத்தில், குளச்சல் போரில் 1741-ல் பிடிபட்டுப் பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைத் தலைவரான, டச்சுக் கம்பெனிப் படையிலிருந்து வந்த டிலனாய், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையை அவருக்குச் சொன்னார். 1745-ல் வடக்கன்குளத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார்.

யோபுவின் கதை எப்படி முடிகிறது? எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது. அந்தக் கதையைக் கேட்டு நம்பிய தேவசகாயத்துக்கு என்ன திரும்பி வந்தது? பதவி போனது. கைகளைக் கட்டி, எருமை மேல் பின்புறமாக உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அது நடந்தபோது அவர் இறந்து 270 வருடம். நான் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரன், புனிதர் வணக்கம் எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் யோபுவை யாராவது "இழந்தால் இரட்டிப்பாகக் கிடைக்கும்" என்று பிரசங்கித்தால் எனக்குக் காற்றாடிமலைதான் ஞாபகம் வரும். ராஜாவின் சிலையை வணங்க மறுத்து எரிகிற சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபர்களும் எங்கள் தேவன் தப்புவிப்பார் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே "விடுவிக்காமற்போனாலும்" என்றார்கள் (தானியேல் 3:18).

இழந்தவர்கள் வீட்டுக்குப் போகும்போது யோபுவின் நண்பர்கள் முதலில் செய்ததைச் செய்யுங்கள். ஏழு நாள் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

சந்தேகப்படுவது பாவமா?

"விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுத தகப்பனின் பிள்ளையை இயேசு குணமாக்கினார் (மாற்கு 9:24). 88-ஆம் சங்கீதம் கதறலோடு தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

ராகுகாலம், கண்திருஷ்டி பார்க்கலாமா?

கல்யாணத் தேதி வைக்கும்போது "சும்மா ஒரு தடவை" காலண்டரைப் புரட்டும் மூப்பர்களை எனக்குத் தெரியும். நாட்களையும் மாதங்களையும் பார்க்கிறவர்களைக் கண்டிக்கும் கலாத்தியர் 4:10-ஐ வாசித்துவிட்டு மண்டபம் எந்த நாள் காலி என்று பாருங்கள்.

தொழிலில் நேர்மையாக இருந்தால் பிழைக்க முடியுமா?

இதைக் கேட்டவர் ரப்பர் வியாபாரி. பாலில் தண்ணீர் சேர்த்துக் கொண்டுவருகிறவர்கள், காயாத ஷீட்டை எடைக்கு வைக்கிறவர்கள், அதற்கு ஈடாகத் தராசில் கை வைக்கிறவர்கள் என்று சங்கிலி நீளமானது. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" (நீதிமொழிகள் 11:1) என்று நான் வாசித்ததும் அவர் சொன்னார்: "அண்ணே, அது எனக்குத் தெரியும். நான் மட்டும் சரியாக நிறுத்தால் என் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு என்ன செய்யும்?" எனக்குப் பேச்சு வரவில்லை. மாதச் சம்பளக்காரன் வியாபாரிக்கு நேர்மையைப் போதிப்பது எளிது. எங்கள் கூட்டத்தில் வயதான ஒரு பாட்டி மட்டும் சொன்னார்: "மக்களே, ஒரு மாசம் நிறுத்துப் பாரு. நட்டம் எவ்வளவுன்னு எழுதி வை. அப்புறம் பேசலாம்."

அவர் எழுதி வைத்தார். நட்டம் இருந்தது, அவர் பயந்த அளவில் பாதிகூட இல்லை. மூன்றாம் மாதம் பழைய ஆட்கள் இரண்டு பேர் போனார்கள், புதிதாக ஒருவர் வந்தார். இன்னும் கடை நடக்கிறது. பணக்காரர் ஆகிவிட்டார் என்று சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

தசமபாகம் கட்டாயமா?

கொடுங்கள், மனதார. ஆனால் பால் வெட்டுகிறவருக்குக் கூலிப் பாக்கி வைத்துக்கொண்டு தசமபாகம் கொடுப்பவரைப் பற்றி மத்தேயு 23:23-ல் இயேசு பேசியிருக்கிறார். வெந்தயத்திலும் சீரகத்திலும் பத்தில் ஒன்று கணக்குப் பார்த்து, நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்கள் அவர்கள்.

பக்கத்து வீட்டில் வேறு மதத்தார். நம் விசுவாசத்தை எப்படிக் காட்டுவது?

"கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" (ரோமர் 12:18). 1982-ல் மண்டைக்காட்டில் தொடங்கிய கலவரத்தை நேரில் பார்த்த தலைமுறை இன்னும் நம் தெருவில் இருக்கிறது. ஒலிபெருக்கியை நம் கோயில் வளாகத்துக்கு மட்டும் கேட்கிற அளவில் வையுங்கள். கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அச்சப்பமும் கொடுத்தனுப்புவதோடு, அவர்கள் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் ராத்திரி துணைக்குப் போய் இருங்கள். நல்ல சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் ஊற்றிக் காயம் கட்டினான், சத்திரத்துக்குக் காசு கொடுத்தான். துண்டுப்பிரதி கொடுத்ததாக லூக்கா எழுதவில்லை.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

பயமுறுத்திச் சொல்லாதீர்கள். பொய் சொன்னால் ஆண்டவர் கண்ணைக் குத்துவார் என்று என்னை வளர்த்தார்கள். ஆண்டவரை நேராகப் பார்க்க எனக்கு நாற்பது வயதாயிற்று. வசனம் மனப்பாடம் செய்யட்டும், ஞாயிறு பள்ளிக்குப் போகட்டும். நீங்கள் தப்புச் செய்தால் அவர்கள் முன்னாலேயே மன்னிப்புக் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இன்றைக்கு என்ன கிடைத்தது, நாளைக்கு எதற்குப் பயமாக இருக்கிறது. பெரியவர்களும் சொல்ல வேண்டும். போன மழைக்காலத்தில் பத்து நாளாகப் பால் வெட்டில்லை, வீட்டில் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தோம். என் பேரன் முறை வந்தது. மத்தியானம் மரச்சீனியும் மீன் குழம்பும் கிடைத்தது என்றான். நாளைக்கு எதற்குப் பயம் என்று கேட்டேன். கணக்குப் பரீட்சைக்கு என்றான். "படிச்சியா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஜெபம் முடிந்ததும் படிப்பதாகச் சொன்னான். அன்று ஜெபத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டோம்.